மூன்று சொல்லுக்கு வந்த கால்

மஞ்சப்பாறையிலிருந்து அடிவாரத்துக்குப் பதினாலு வளைவு இறங்க வேண்டும், பிரேக் பார்க்கிற தாவூது பாயின் பட்டறை அந்தப் பதினாலாவது வளைவுக்கும் கீழே இருந்தது, எங்கள் பிக்கப் வண்டிக்குப் பிரேக் பைப் வெடித்ததோ மலை மேலே, பீன்ஸ் மூட்டை ஏற்றுகிற கொட்டகைக்கு முன்னால், ஒரு செவ்வாய்க்கிழமை காலையில். பிரேக் இல்லாத வண்டியைப் பிரேக் சரிபார்க்க எப்படிக் கீழே கொண்டுபோவது என்று ஊரே கூடி யோசித்து, ஊரே கூடிச் சிரித்து, ஊரே பீன்ஸ் பறிக்கக் காட்டுக்குப் போய்விட்ட பிறகு, வண்டியும் நானும் என் நாலு வயசு மகள் பவிஷாவும் மட்டும் அந்தக் கொட்டகை வாசலில் மிச்சமாக நின்றோம்.

அந்த வண்டி எங்களிடம் வருவதற்கு முன்னால் ராமேஸ்வரம் பக்கம் மீன் ஓட்டிய வண்டி. என் வீட்டுக்காரர் ராசுக்காளை ஓமானில் தண்ணீர் லாரி ஓட்டுகிறார். லீவில் வந்த நாற்பத்தைந்து நாளில் அதைப் பார்த்து, பேசி, வாங்கி, மலையேற்றி, வளைவில் கியர் மாற்ற எனக்குச் சொல்லிக்கொடுத்து, நாற்பத்தாறாம் நாள் விமானம் ஏறிவிட்டார். மலைக்காரர்கள் நாங்கள் வண்டி வாங்கினால் இன்ஜின் சத்தத்தைக் கேட்போம், டயரைத் தட்டுவோம், பாட்டுப்பெட்டி பாடுகிறதா என்று பார்ப்போம், குனிந்து அடியில் பார்க்க மாட்டோம். உப்புத்தண்ணீர் இரும்பை என்ன செய்யும் என்று எங்களுக்கு யார் சொன்னது, கடலையே டிவியில்தான் பார்த்திருக்கிறோம். ஐஸ் உருகி வழிந்த மீன்தண்ணீர் வருஷக்கணக்காக அந்தப் பைப்பைத் தின்று தீர்த்திருக்கிறது, மேலே அடித்த பெயிண்ட் மட்டும் பைப் மாதிரி நடித்துக்கொண்டு நின்றிருக்கிறது. நகத்தால் சுரண்டினேன், அப்பளம் போல உதிர்ந்தது.

தாவூது பாய்க்குப் போன் போட்டேன்.

"பழைய பைப்பைக் கழட்டி, வளைவு மாறாம பஸ்ல குடுத்து விடும்மா நாகஜோதி. அதே அச்சுல புதுசு வளைச்சு அனுப்புறேன். மாட்டுறது உன் வேலை."

"நானா பாய்?"

"வண்டி இறங்காது, என் முட்டி ஏறாது. வேற யாரு இருக்கா?"

அதுவும் சரிதான் என்று கழட்டினேன். கண்டக்டர் சந்தானம் அந்தத் துருப்பிடித்த நீளப் பைப்பைச் செத்த பாம்பைத் தூக்குவது போல ரெண்டு விரலால் வாங்கிக்கொண்டு போனார், வியாழக்கிழமை காலை பஸ்ஸில் புதுப் பைப்பைப் பட்டுச்சேலை மாதிரி மடியில் வைத்துக்கொண்டு வந்தார். நான் நாலு சக்கரத்துக்கும் கல் வைத்து, ஜாக்கி ஏற்றி, கோணிச்சாக்கை விரித்து அடியில் படுத்து, பாய் சொன்னபடி முதலில் விரலால் திருகி, இழை சரியாக உட்கார்ந்த பிறகே ஸ்பேனர் போட்டு இறுக்கி, டப்பாவில் பிரேக் எண்ணெய் ஊற்றினேன். அதோடு முடிந்தது என்று நினைத்தால், இல்லை. பைப்புக்குள்ளே காற்று நிற்கும். காற்று நின்றால் பெடல் பஞ்சு மாதிரி அமுங்கும், வண்டி நிற்காது. அந்தக் காற்றை எடுக்க ரெண்டு ஆள் வேண்டும், ஒருத்தர் மேலே உட்கார்ந்து பெடலை மிதிக்க, இன்னொருத்தர் கீழே படுத்துச் சக்கரத்தின் பின்னால் இருக்கிற சின்ன நிப்பிளைத் திறந்து மூட.

எங்கள் பழைய வண்டியில் அவர் கீழே, நான் மேலே. அந்த வேலையில் அவருக்கு மூன்றே சொல். மிதி, என்பார், நான் மிதிப்பேன். பிடி, என்பார், மிதித்த காலை எடுக்காமல் அப்படியே இருப்பேன். அவர் நிப்பிளைத் திறப்பார், காற்றும் எண்ணெயுமாகக் குழாய் வழியே பாட்டிலுக்குள் கொப்புளிக்கும், மூடுவார். விடு, என்பார், காலை எடுப்பேன். மிதி, பிடி, விடு. கல்யாணமான புதிதில் நாங்கள் அதிகம் பேசிக்கொண்டதே அந்த மூன்று சொல்தான் என்று சொன்னால் யாரும் நம்ப மாட்டார்கள்.

இப்போது கீழே படுக்க நான் இருந்தேன். மேலே பவிஷாவை ஏற்றிவிட்டேன். அவள் ஸ்டியரிங்கைப் பிடித்துக்கொண்டு ரெண்டு காலையும் பெடலின் மேல் வைத்துக் குதித்துப் பார்த்துவிட்டு, "அம்மா, இது தூங்குது," என்று பக்கத்து சீட்டுக்கு நகர்ந்துவிட்டாள். ஊரில் கூப்பிட ஆள் இல்லை. பறிப்பு நாளில் மஞ்சப்பாறையில் கோழிகள்தான் வீட்டில் இருக்கும். நான் இடது பின் சக்கரத்துக்கு அடியில் படுத்து, பாட்டிலைச் சாய்த்து வைத்து, குழாயை மாட்டி, ஸ்பேனரைப் பிடித்து, மேலே யாரும் இல்லை என்று நன்றாகத் தெரிந்தும், வாய்ப்பழக்கத்தில், "மிதி," என்றேன்.

பெடல் ரெண்டு தடவை லேசாகத் தட்டியது, மூன்றாம் தடவை நீளமாக இறங்கியது.

ராசுக்காளை எந்த வண்டியிலும் அப்படித்தான் பிரேக் பிடிப்பார், கதவை ரெண்டு தட்டுத் தட்டிவிட்டு உள்ளே வருகிறவர் மாதிரி. எனக்குத் தெரியாதா. "பிடி," என்றேன். பிடித்தது. நிப்பிளைத் திறந்தேன், காற்று கொப்புளித்தது, மூடினேன். "விடு," என்றேன். விட்டது. கையில் வேலை இருந்தது, வேலைக்குக் கால் வந்திருந்தது, வந்த காலை நிறுத்திவைத்து விசாரிக்க எனக்கு நேரம் இல்லை. இடது பின்னால், வலது பின்னால், இடது முன்னால், வலது முன்னால் என்று பாய் சொன்ன வரிசையில் நாலு சக்கரமும் முடித்து வெளியே வந்தபோது, பவிஷா பெடலுக்குக் கீழே விரித்திருந்த ரப்பர் மேட்டைக் காட்டி, "அப்பா செருப்புப் போடல," என்றாள். அவர் வண்டியில் ஏறும்போது செருப்பைக் கீழேயே கழட்டி விட்டுவிட்டு வெறுங்காலோடுதான் ஏறுவார், சாமி அறைக்குள் போகிற மாதிரி. மேட்டின் மேல் ஒரு சிட்டிகை மணல் கிடந்தது. மஞ்சள் மணல். எங்கள் மலையில் மணலே கிடையாது, எல்லாம் கறுப்பு மண்.

சாயங்காலம் அவர் போன் செய்தார்.

"இன்னிக்கு ஒரு கூத்து புள்ள. நேர் ரோட்டுல போய்க்கிட்டிருக்கேன், வண்டி தானா நிக்கிது, போகுது, நிக்கிது, போகுது. வலது காலு எங்கிட்டுப் போச்சுன்னே தெரியல."

"எங்கிட்டும் போகல, இங்கதான் வந்துச்சு. பிரேக்குல காத்து எடுத்தோம்."

"சுத்தமா வந்துருச்சா?"

"கல்லு மாதிரி இருக்கு பெடல்."

"சரி. அடுத்த தடவை வெள்ளிக்கிழமை கூப்பிடு, லீவு. பின்னால வர்ற லாரிக்காரன் திட்டுறான்."

நான் குழாயடியில் பிச்சையம்மா அத்தையிடம் மட்டும்தான் சொன்னேன். மறுநாள் ஊருக்கே தெரிந்திருந்தது, தெரிந்த ஊர் வாயைப் பிளக்கவில்லை, வயிற்றைப் பற்றிக் கேட்டது. வெறும் வயிற்றோடு மிதித்தாரா, மிதித்த பிறகு தலை சுற்றியதா, இனிமேல் சாப்பிட்டுவிட்டு மிதிக்கச் சொல் என்றார்கள். மஞ்சப்பாறையில் வீட்டுக்கு ஒரு ஆண் வெளியூரில் இருந்தான், பாதிப் பேர் அரபு நாட்டில், மீதிப் பேர் மலேசியாவிலும் திருப்பூரிலும். ஆகவே ராசுக்காளையின் கால் வந்தால் மற்றக் கால்களும் வரும் என்பதில் யாருக்கும் சந்தேகம் வரவில்லை, எந்தக் கிழமை வரும் என்பதில்தான் வந்தது. வார்டு மெம்பர் மகுடீஸ்வரி அதற்கு ஒரு ஒழுங்கு போட்டாள். வெள்ளிக்கிழமை காலை அரபு நாட்டுக்கு, ஞாயிற்றுக்கிழமை மற்ற ஊர்களுக்கு. வேலையில் இருக்கிற காலை யாரும் கூப்பிடக்கூடாது. பிரேக் எண்ணெய் அவரவர் கொண்டுவர வேண்டும். ஒரு ஆளுக்கு ஒரு சக்கரம்.

அப்படியாக, குளித்துத் தலைமுடிந்து, கையில் எண்ணெய் பாட்டிலோடு, பெண்கள் என் வண்டிக்கு அடியில் வந்து படுத்தார்கள். முதலில் மகுடீஸ்வரியே படுத்தாள். புருஷனை மரியாதையில்லாமல் கூப்பிட்டுப் பழக்கமில்லாதவள், "மிதிங்க," என்றாள். பெடல் அசையவில்லை. "மிதிங்களேன்," என்றாள். அசையவில்லை.

"பட்டறைச் சொல்லுக்குத்தான் வரும் போல. வெறும் மிதின்னு சொல்லிப் பாருங்கக்கா," என்றேன்.

அவள் கண்ணை மூடிக்கொண்டு, "மிதி," என்றாள். மலேசியாக்காரர் மிதித்தார். மேட்டில் எண்ணெய்ப்பனைத் தோட்டத்துச் சேறு ஈரமாக ஒட்டியது. மகுடீஸ்வரி வெளியே வந்தபோது முகம் சிவந்திருந்தது. "பதினோரு வருஷத்துல இன்னிக்குத்தாண்டி நான் சொன்னதை அந்த மனுஷன் ஒரே தடவையில கேட்டிருக்காரு," என்றாள். பிச்சையம்மா அத்தையின் மகன் திருப்பூரில் பனியன் கம்பெனியில் இருந்தான், அவன் கால் பாதிதான் மிதித்தது, மேட்டில் பஞ்சு ஒட்டியிருந்தது. "அங்கயும் இப்படி அரைகுறையாத்தான் வேலை பாக்குறியாடா," என்று அத்தை சக்கரத்துக்கு அடியிலிருந்தே வைதாள், உடனே பெடல் முழுசாக இறங்கியது. பஸ் டிரைவர் நாலாவது வளைவில் என் வண்டியைப் பார்த்தால் வழி விட்டார். இத்தனை கால் மிதித்த பிரேக் மாவட்டத்திலேயே கிடையாது என்றார்.

ஒரே ஒருத்திக்குத்தான் கால் வரவில்லை. வெள்ளைத்தாய் அக்காவின் வீட்டுக்காரர் நாலு வருஷத்துக்கு முன்னால் குருவித்துறைக்கு நாற்று வாங்கப் போகிறேன் என்று போனவர், நாற்றும் வரவில்லை, ஆளும் வரவில்லை. எந்தக் கிழமைக் கணக்கில் அவரைச் சேர்ப்பது என்று தெரியாமல் அக்கா வெள்ளியும் வந்தாள், ஞாயிறும் வந்தாள். கடைசி ஆளாகப் படுத்து, "மிதி," என்பாள். நாங்கள் சுற்றி நின்று பெடலைப் பார்ப்போம். பெடல் பெடலாக இருக்கும். கொஞ்ச நேரம் கழித்து வெளியே வந்து, முதுகுச் சாக்குத்தூசியைத் தட்டிக்கொண்டு, "இன்னிக்குக் காத்து அதிகம், கேட்டிருக்காது," என்பாள். இலை அசையாத நாளிலும் அதையே சொல்வாள். நாங்களும் ஆமாம் அக்கா, காற்றுதான் என்போம். சீல் உடைக்காத எண்ணெய் பாட்டிலை எடுத்துக்கொண்டு போய்விடுவாள்.

எல்லோரும் போன பிறகு நான் மேட்டை உதறி, மஞ்சள் மணலை மட்டும் ஊறுகாய் பாட்டிலில் போட்டு வைப்பேன். இப்படியே சேர்ந்தால் வீட்டுக்குச் சிமெண்ட் பூசலாம் என்று பவிஷாவிடம் சொல்வேன். நான் அப்படித்தான், எதையும் சிரித்துச் சொல்லிவிடுவேன். அவர் போனில் எப்படி இருக்கீங்க என்றால், நல்லாத்தான் இருக்கோம் என்பேன். பவிஷாவுக்குக் காய்ச்சல் அடித்த வாரமும் நல்லாத்தான் இருக்கோம், மழையில் ஓடு சரிந்த அன்றும் நல்லாத்தான் இருக்கோம். பைப்பில் எடுத்த காற்றெல்லாம் அந்தப் போனுக்குள் போய் நின்றுகொண்டது போல, எங்கள் பேச்சு அமுங்கும், அமுங்கும், எங்கேயும் போய்ப் பிடிக்காது. வைத்த பிறகு வண்டிக்குள் போய் டிரைவர் சீட்டில் கொஞ்ச நேரம் உட்கார்ந்திருப்பேன். காற்றே இல்லாத பிரேக்கில் காற்று எடுக்க வெள்ளிக்கிழமை தவறாமல் படுப்பேன். பாட்டிலில் ஒரு குமிழி வராது, சுத்த எண்ணெய்தான் வரும். ஆனாலும் மிதி, பிடி, விடு.

ஆனி மாசம் ஒரு வியாழக்கிழமை அவர் போனில் கேட்டார். "இந்த மாசத்தோட ரெண்டு வருஷம் முடியுது. ஞாயித்துக்கிழமை சூப்பர்வைசர் பேப்பர் கொண்டுவர்றாரு. இன்னும் ரெண்டு வருஷத்துக்குக் கையெழுத்துப் போட்டுரவா?"

அடுப்பில் பால் பொங்கிக்கொண்டிருந்தது. "போடுங்க, எங்களுக்கென்ன, நல்லாத்தான் இருக்கோம்," என்றேன், சிரித்துக்கொண்டே.

மறுநாள் வெள்ளி. நான் படுத்தேன். மிதி என்றேன், ரெண்டு தட்டு, ஒரு நீள மிதி. பிடி என்றேன், பிடித்தது. திறந்து மூடினேன். விடு என்றேன்.

விடவில்லை.

விடு என்று மறுபடி சொன்னேன். நாலு சக்கரமும் பிடித்தபடி வண்டி நின்றது. வெளியே வந்து பெடலைக் கையால் தூக்கிப் பார்த்தேன், எழுந்திருக்க மனசில்லாமல் படுத்திருக்கிறவர் காலைத் தூக்குவது போலக் கனத்தது. தாவூது பாய் ஸ்பிரிங்கைப் பார்க்கச் சொன்னார், ஸ்பிரிங் நன்றாக இருந்தது. மகுடீஸ்வரி மேட்டின் மேல் எலுமிச்சம்பழம் வைத்தாள். சாயங்காலம் அவர் போன் செய்து, "வலது காலு மரத்துப் போச்சு புள்ள, காலையிலருந்து படுத்தே கிடக்கேன். நீ விடுன்னு சொல்லலியா?" என்றார்.

"சொல்லிட்டேனே."

"எனக்குக் கேட்டுச்சு. காலுக்குக் கேக்கல."

இரவெல்லாம் மேட்டில் மணல் விழுந்துகொண்டே இருந்திருக்கிறது. சனிக்கிழமை காலை கதவைத் திறந்தபோது படியில் சரிந்து கொட்டியது, பவிஷா அதில் உட்கார்ந்து வீடு கட்டினாள். கொட்டகையில் முப்பது மூட்டை பீன்ஸ் வாடிக்கொண்டிருந்தது. ஞாயிறு காலை கால் எழவில்லை என்றால் அவரால் லாரி ஏற முடியாது, எழுந்துவிட்டால் கையெழுத்து. மத்தியானம் எல்லோரும் காட்டுக்குப் போன பிறகு வெள்ளைத்தாய் அக்கா மட்டும் வந்து, வண்டியை ஒரு சுற்றுச் சுற்றி, பெடலைக் குனிந்து பார்த்தாள்.

"என்னடி கேட்டாரு உன்கிட்ட?"

"கையெழுத்துப் போடவான்னாரு."

"நீ என்ன சொன்ன?"

"போடுங்கன்னேன். நல்லாத்தான் இருக்கோம்னேன்." நான் சிரித்தேன். "அவரு காலு இங்க கிடக்கட்டும்க்கா, ஆளு வராட்டிப் போறாரு."

அக்கா சிரிக்கவில்லை. "எனக்கு மிதிக்க ஒரு காலு வரமாட்டேங்குது. உனக்கு வந்த காலு போகமாட்டேங்குது. இதுல எதுக்குடி இளிச்சு மழுப்புற? அந்த மனுஷன் எதையோ கேட்டுட்டு நிக்கிறாரு. சொல்லித் தொலை." பவிஷாவைத் தூக்கி இடுப்பில் வைத்துக்கொண்டு போய்விட்டாள்.

நான் சாக்கை விரித்துப் படுத்தேன். ஸ்பேனரை எடுக்கவில்லை. பைப்பெல்லாம் புதுசாக மின்னியது, ஒரு சொட்டு ஒழுகல் இல்லை, என் கையால் போட்டது. அதைப் பார்த்துக்கொண்டே சொன்னேன்.

"நான் நல்லா இல்லைங்க. காய்ச்சல் வந்தப்ப பவிஷா உங்க பேரைச் சொல்லி அழுதா. ஓடு சரிஞ்சு விடியுற வரைக்கும் குடையைப் பிடிச்சுக்கிட்டு உக்காந்திருந்தோம். அவ உங்களை ஒரு செல்போன்னு நினைச்சுக்கிட்டு இருக்கா. நேத்து, அப்பாவை ரொம்ப நேரம் சார்ஜர்ல போட்டா முழுசா வந்துருவாரான்னு கேட்டா. நான் சிரிச்சேன், எனக்கு வேற எதுவும் தெரியல. பிரேக்குல காத்தே இல்லைங்க, ஏழு மாசமா இல்ல. சும்மாதான் கூப்பிட்டேன். கையெழுத்துப் போட வேணாம். வாங்க."

பெடல் மெல்ல, மரத்துப்போன கால் குறுகுறுத்துக்கொண்டு எழுவது போல, விட்டு விட்டு மேலே வந்தது.

அன்றைக்கே வண்டியை இறக்கினேன். பதினாலு வளைவிலும் தொட்ட இடத்தில் நின்றது. அவர் போன் செய்து, "பேசிட்டுச் சொல்றேன்," என்று மட்டும் சொன்னார், பிறகு ரெண்டு வெள்ளிக்கிழமை நான் அவரைக் கூப்பிடவில்லை, பயம். மற்றவர்கள் படுத்தார்கள், மிதித்தார்கள், விட்டார்கள். மூன்றாவது வெள்ளிக்கு முந்தின நாளிலிருந்து அவர் போன் அணைந்தே கிடந்தது. அன்று, "நீயும் ஒரு தடவை கூப்பிட்டுப் பாரேன்," என்றாள் மகுடீஸ்வரி. படுத்தேன்.

"மிதி," என்றேன்.

பெடல் பெடலாக இருந்தது.

ரொம்ப நேரம் காத்திருந்தேன். என் தலைமாட்டில் வெள்ளைத்தாய் அக்காவின் கால் தெரிந்தது, பக்கத்தில் உடைக்காத எண்ணெய் பாட்டில். "இன்னிக்குக் காத்து அதிகம்டி," என்றாள் அவள், மெதுவாக. வெளியே ஒரு இலைகூட அசையவில்லை. அவளுக்குச் சொல்கிற மாதிரியே எனக்கும் நானே, ஆமாம், காற்றுதான் என்று சொல்லிக்கொண்டேன்.

அப்போது பஸ் போன சத்தம் கேட்டது. கொஞ்ச நேரத்தில், சுற்றி நின்ற பெண்களின் பேச்சு குழாயை மூடினது போல நின்றது. யாரோ உஸ் என்றார்கள். கதவுக்குக் கீழே, தரையில், ஒரு ஜோடி செருப்பு வந்து நின்றது, காலிலிருந்து கழன்றது, தனியாகக் கிடந்தது. வார்ப் பள்ளத்தில் மஞ்சள் மணல். ஜாக்கி முனகியது, வண்டி ஒரு பக்கம் லேசாகத் தாழ்ந்து, சீட்டு ஸ்பிரிங் ஒரு ஆள் கனத்துக்கு அழுந்தியது.

ரெண்டு தட்டு. ஒரு நீள மிதி.

"பிடி," என்றேன். குரல் எனக்கே கேட்கவில்லை, ஆனால் பிடித்தது. நிப்பிளைத் திறந்தேன், சுத்த எண்ணெய் வந்தது, இறுக்கினேன்.

"அடுத்து எனக்கு," என்றாள் வெள்ளைத்தாய் அக்கா, தன் பாட்டிலை என் பக்கம் ஒரு சாண் நகர்த்தி வைத்து.

"கொஞ்சம் பொறுங்கக்கா."

"அவசரமில்லடி. இரு."

அவள் கால் அங்கேயே நின்றது. செருப்பு ரெண்டும் அங்கேயே கிடந்தன. ஸ்பேனரை மார்பின் மேல் வைத்துக்கொண்டு படுத்திருந்தேன், பெடல் பிடித்தபடியே இருந்தது, நான் விடு என்று சொல்லவில்லை.